நாற்பத்தேழு இலைகள்

எங்கள் பூச்சு அண்ணன் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மாளிகை இன்றும் நின்றுகொண்டிருக்கும். இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, "ஆமாம்மா, நான்தான்" என்பார். மறுத்துப் பேசினாலாவது நாலு வார்த்தை கூடச் சேர்த்துத் திட்டலாம். மனுஷன் அதற்கும் வழி வைக்க மாட்டார்.

அவர் கொத்தனார். சுவரில் எங்கே விரிசல் விட்டாலும் கரண்டியோடு வந்து நிற்பார், அதனால் அந்தப் பெயர். நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். பயந்துபோய் வருகிறவர்களிடம் "ஒண்ணும் ஆகாது, உட்காருங்க" என்று சொல்லுவதுதான் என் வேலையில் பாதி. அந்த வாக்கியத்தை அண்ணனிடமும் அவர் மனைவியிடமும்கூட எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சொன்ன ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஆனது.

மாளிகை என்றதும் யாரும் மயங்க வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால்தான் மாளிகை. உள்ளே இருபத்திரண்டு குடும்பங்கள், மூன்று தண்ணீர்க் குழாய், எந்நேரமும் காயும் துணிகள். வாசல் வளைவு மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் கூராக முடியும். ஒட்டகச்சிவிங்கி ஒன்று தலை குனியாமல் உள்ளே வரலாம். இவ்வளவு உயரமான வாசலைக் கட்டியவரோ, கூடத்தில் தொங்கும் படத்தைப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து கால் தரையில் எட்டாத ஆள். இடது பக்கம் ஒரு கோபுரம். அதில் கடிகாரம் வைக்க வட்டமாக ஓட்டை விட்டிருந்தார்கள். கடிகாரம் கடைசிவரை வரவில்லை, புறாக்கள் வந்தன. கூரை விளிம்பில் வாயைப் பிளந்தபடி பத்துப் பன்னிரண்டு கல் மிருகங்கள். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முழுவதும் அவற்றின் வாய் வழியாகத் தெருவில் கொட்டும். வானம் இருட்டினாலே பழக்கடைக்காரர் தள்ளுவண்டியைப் பத்தடி நகர்த்திக்கொள்வார்.

எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. ஒரு காலத்தில் அது ஒரே அறை, அதற்கு ஒரே ஜன்னல். தடுப்பை வைத்தவன் அந்தக் கூர்வளைவு ஜன்னலின் நட்ட நடுவில் வைத்துவிட்டான். ஆகவே இடது பாதி எனக்கு, வலது பாதி அவர்களுக்கு. ஜன்னலைத் துடைக்கும்போது உச்சியில் இருவர் கையும் முட்டிக்கொள்ளும்.

இந்த வீட்டின் வரலாறு அண்ணனுக்குத் தலைகீழ்ப் பாடம். கேட்காதவர்களுக்கும் சொல்வார். தபால்காரரை நிறுத்தி வைத்துச் சொல்லி, அந்த ஆளுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

"நூத்தி நாப்பது வருஷம் ஆச்சுங்க. கப்பலுக்குக் கயிறு வித்த முதலாளி கட்டினது. வெளிநாட்டுக்குப் போனாரு, அங்க ஒரு பெரிய சர்ச் கட்டடத்தப் பார்த்தாரு, எனக்கு இதே மாதிரி வீடு வேணும்னு நின்னுட்டாரு. கல்லு கப்பல்ல வந்துச்சு. செதுக்குற ஆளும் அதே கப்பல்ல வந்தான். கூடத்துல மேல பாருங்க, விலா எலும்பு மாதிரி கல்லுங்க நாலு பக்கமும் ஏறிப் போயி நடுவுல ஒண்ணு சேருதில்ல? ஒரு இரும்புகூட இல்ல உள்ள. ஒரு கல்ல ஒரு கல்லு தள்ளிக்கிட்டே நிக்குது."

முதலாளிக்குப் பிறகு அது பெண்கள் விடுதியானது. போர்க்காலத்தில் ஆஸ்பத்திரியானது. பிறகு காப்பீட்டு அலுவலகம். பிறகு நாங்கள். ஒவ்வொருவரும் அந்த வீட்டைத் தங்களால் ஆனமட்டும் உடைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அதிகம் அடிபட்டவை இலைகள்தான். படிக்கட்டுச் சுவரிலும் நீண்ட நடைகளிலும் அலங்காரத்துக்காகச் சுவரோடு ஒட்டிய சின்னச் சின்னப் பொய் வளைவுகள் வரிசையாகப் போகும். ஒவ்வொரு வளைவும் தொடங்கும் இடத்தில், மார்பு உயரத்தில், ஒரு கல் குமிழ். குமிழைச் சுற்றிச் செதுக்கிய கொடி இலை. மொத்தம் எண்பத்துநாலு. விடுதிப் பெண்கள் அவற்றில் துணிக்கொடி கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தூக்குக் கட்டிலால் இடித்தார்கள். நாங்கள் சைக்கிளைச் சாய்த்தோம். உடைந்ததை அண்ணன் கொஞ்சங்கொஞ்சமாகச் செய்து ஒட்டினார். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் மிஞ்சிய சிமெண்ட், கல் தூள், உறுதிக்கு உள்ளே பழைய சைக்கிள் சக்கரக் கம்பித் துண்டுகள். காய்ந்த பிறகு மேலே கெட்டியான டீத்தண்ணீரில் அடுப்புக் கரியைக் கலந்து தடவுவார். ஒரு மாதத்தில் நூறு வருஷக் கல் ஆகிவிடும்.

அண்ணன் இந்த வீட்டுக்கு வந்ததே கோபுரத்தில் இடி விழுந்தபோது. அப்போது வயது இருபத்தாறு. மூன்று வாரத்து வேலை என்று சாரம் கட்டி ஏறினார். கோபுரத்துக்கு எதிர் அறையில் பொத்தான் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பெண் இருந்தாள். வேலை எட்டு மாதம் ஆனது. அப்புறம் அவர் இறங்கவே இல்லை, அவள் அறையிலேயே குடியேறிவிட்டார். அவள்தான் எங்கள் அக்கா.

அக்காவுக்கு விரலில் கண். தொழிற்சாலையில் பொத்தான்களைத் தடவிப் பார்த்தே தரம் பிரிப்பவள். பிசிறு இருக்கிறதா, ஓட்டை நேராக இருக்கிறதா, பார்க்காமலே சொல்வாள். ஐம்பது வயதில் கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். பக்கவாட்டில் மறைக்க ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் முழுவதும் போய்விட்டது. அந்த ஒரு வருஷம் அண்ணன் பைத்தியம் பிடித்தாற்போல இலைகளைச் செய்துகொண்டிருந்தார். மனைவிக்குப் பார்வை போகிறது, இந்த ஆள் சிமெண்ட் பிசைகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கவலையை மறக்க ஏதோ செய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

பார்வை போன மாதத்தில் அக்காவின் கூடப்பிறந்த தங்கை ஒரு கைத்தடி வாங்கி வந்தாள். அக்கா அதை ஒரு தடவை தடவிப் பார்த்தாள், எழுந்து போய்ப் படிக்கட்டுக்கு நடுவே கூடத்தில் எறிந்தாள். கீழே தரைக்கல் ஒன்று விரிசல் விட்டது. அண்ணன் போய்ப் பூசினார். அவர் கையைப் பிடிக்க வந்தபோது அவருக்கும் அதே கதி. "நான் விழுந்தா நானே எந்திரிச்சுக்கறேன். என்னை யாரும் ஓட்டிக்கிட்டுப் போக வேணாம்" என்றாள்.

சொன்னபடியே நடந்தாள். சுவரோரமாக வலது கையை லேசாக ஓடவிட்டு, மாடியிலிருந்து குழாயடிக்கும், குழாயடியிலிருந்து வாசலுக்கும் தனியாகப் போய் வருவாள். குடத்தோடு படியேறுவாள். சரியாக என் கதவு முன்னால் நின்று, "டீ போட்டேன், வரியா?" என்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் இவளுக்குக் கண் தெரியவில்லை என்றால் நம்ப மாட்டார்கள். "இந்த வீடு என் கைக்குள்ள இருக்குடி" என்பாள் என்னிடம். "ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒவ்வொண்ணு. குழாய்க்குத் திரும்புற இடத்துல இலை மேல ஒரு மீன். மாடி ஏறி முடிச்சா நத்தை. உன் கதவுகிட்ட குருவி. எங்க கதவுகிட்ட இலையச் சுருட்டி விட்டிருக்கான். அந்தக் காலத்து ஆளு எவ்வளவு ரசிச்சு செஞ்சிருக்கான் பாரு. நீங்க எல்லாம் கண்ண வச்சிக்கிட்டு என்னத்தப் பார்த்தீங்க?" உண்மைதான். பத்தொன்பது வருஷமாகக் கதவைப் பூட்டித் திறந்திருக்கிறேன், அந்தக் குருவி என் கண்ணில் பட்டதே இல்லை. அண்ணன் ஒட்டியது எது, பழசு எது என்று எனக்கும் பிரித்துத் தெரியாது.

வாசலைத் தாண்டித் தெருவில் மட்டும் இறங்க மாட்டாள். உள்ளே ராணி, வெளியே கண் தெரியாதவள். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் மாளிகையை இடிக்கப்போகிறார்கள் என்ற நோட்டீஸ் வாசல் வளைவில் ஒட்டப்பட்டபோது எங்களுக்கெல்லாம் வேறு வீடு தேடும் கவலை வந்தது, அண்ணனுக்கு வேறு கவலை வந்தது. "நமக்கு வீடுதாம்மா போவுது. அவளுக்கு நடையே போயிடும்" என்றார்.

முதலாளியின் வாரிசுகள் எங்கோ வெளிநாட்டில் இருந்தார்கள். அந்த இடத்தில் பதினான்கு மாடி எழுப்ப ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஒரே ஒரு வழி இருந்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறை, இது பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் தொட முடியாது. அந்த மனுவை எழுதியவள் நான். பல் டாக்டரின் கணினியில் உட்கார்ந்து, மதிய உணவு நேரத்தில், அண்ணன் சொல்லச் சொல்ல நாலு பக்கம் அடித்தேன். அசலான கோதிக் என்கிற கூர்வளைவுப் பாணி, அரிய கல் வேலைப்பாடு, எண்பத்துநாலு இலைக் குமிழ்கள் என்று நானே பெருமையாக எழுதினேன். யாரைத் திட்டினாலும் இந்த இடம் வரும்போது நான் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆறு வாரத்தில் ஒரு பெண் வந்தாள். கட்டடம் படித்தவள், முப்பது வயது இருக்கும், தோளில் கேமரா, கையில் அளவு நாடா. நல்ல பெண். இன்றும் அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வந்தால் நன்றாக இருக்கும். கோபுரம் ஏறினாள், கூடத்தில் மல்லாந்து படுத்து மேல்கல்லைப் படம் எடுத்தாள், மழைநீர் துப்பும் மிருகங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். அண்ணன் பின்னாலேயே போய் வரலாறு சொன்னார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "நல்லா இருக்கும்மா, இது கண்டிப்பா சேரும்" என்று என் காதில் சொல்லிவிட்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கிளம்பும்போது மாடிப்படி முடிவில் நின்றாள். நத்தை இருக்கும் குமிழ். குனிந்து பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அடேயப்பா," என்றாள். "இந்தக் கட்டடத்துலயே நல்ல வேலை இதுதான். மத்த இலை எல்லாம் அளவு பார்த்துச் செஞ்சது. இதைச் செஞ்சவன் ஆசையா செஞ்சிருக்கான். அந்தக் கப்பல்ல வந்த ஆளோட கை இதுலதான் தெரியுது."

அண்ணன் அறுபத்தாறு வருஷம் வாழ்ந்துவிட்டார். நாற்பது வருஷமாக ஊரில் பாதிச் சுவர்கள் அவர் பூசியவை. ஒருவரும் அவர் வேலையை நின்று பார்த்ததில்லை. பூச்சு நன்றாக இருந்தால் யாருக்கும் அது தெரியாது என்பதுதான் அந்தத் தொழில். அப்படிப்பட்ட மனுஷனிடம் படித்த பெண் ஒருத்தி இதைச் சொல்கிறாள். அவர் முகம் சிவந்தது. நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன், சத்தியமாக இழுத்தேன்.

"அது நான் செஞ்சதுங்க மேடம்" என்றார்.

அவள் சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்தாள்.

"நெசமாத்தான். பதினாலு வருஷம் ஆச்சு. டீத்தண்ணி தடவினேன், அதான் பழசு மாதிரி. மீன் ஒண்ணு இருக்கு, பார்க்கறீங்களா?"

புது மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்தார். மீனைக் காட்டினார், குருவியைக் காட்டினார், கீழ் நடையில் வண்டு, படிக்கட்டில் தவளை, இலைக்குள் ஒளிந்த எலி, ஒவ்வொன்றாகக் காட்டினார். குழாயடிக்குப் பக்கத்தில் மட்டும் குரலை இறக்கிக்கொண்டார். எனக்கு அது வினோதமாகப் பட்டது, ஆனால் அப்போது நான் அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டாள். கடைசியில் எண்ணிப் பார்த்தாள். எண்பத்துநாலில் நாற்பத்தேழு.

"ஐயா," என்றாள், "நீங்க எங்கிட்ட இதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஏங்க?"

"அலங்கார வேலையில பாதிக்கு மேல அசலா இருந்தாத்தான் பட்டியல்ல சேர்க்க முடியும். இங்க பாதிக்கும் கம்மியா ஆயிடுச்சு."

"அப்ப எழுதாதீங்க மேடம்," என்றேன் நான். "அவர் சொன்னது உங்க காதுல விழலன்னு வச்சுக்கோங்க."

அவளுக்குக் கண் கலங்கியது. "கேட்டுட்டேனேம்மா. பொய் எழுதினா என் கையெழுத்துக்கு அப்புறம் யாரு மதிப்பு கொடுப்பா?" என்று படியிறங்கிப் போய்விட்டாள். அண்ணன் நத்தைமேல் கையை வைத்தபடி அங்கேயே நின்றார். நான் அன்றைக்குத் திட்டிய திட்டு மூன்றாம் மாடி வரை கேட்டிருக்கும். அக்கா மட்டும் அப்போது குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் அந்தத் துறை அலுவலகத்துக்குப் போனோம். அண்ணன் நல்ல சட்டை போட்டிருந்தார். அதிகாரி ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்.

"நான் எதையும் செய்யலீங்க. எல்லாம் பழசுதான். ஒரு பெருமைக்குச் சொல்லிட்டேன்."

"பொய் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"இப்ப சொல்றது பொய்யா, அப்ப சொன்னது பொய்யா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதிகாரி கோபப்படவில்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, "சரி, வாய்ப்பேச்ச விடுங்க. சோதனை பண்ணிப் பார்த்துடலாம். கல்லா இருந்தா உங்க பக்கம்தான்" என்றார். நான் வெளியே வந்து அண்ணனை ஒரு டீக்கடையில் உட்காரவைத்தேன். டீத்தண்ணீர் தடவியதை அந்தப் பெண்ணாலேயே கண்டுபிடிக்க முடியவில்லையே, தப்பித்துவிடுவோம் என்றேன்.

அவர் டீயைத் தொடவில்லை. "உள்ள சைக்கிள் கம்பி இருக்கும்மா," என்றார். "காந்தத்த வச்சா ஒட்டிக்கும். அந்த ஆளு கல்லுல இரும்பே வைக்கல."

"எடுத்துடுங்க அப்ப."

"எப்படி எடுக்கறது? ஒடைச்சாத்தான் வரும். ஒடைச்சா இலை போயிடும். இலை போச்சுன்னா..." அவர் முடிக்கவில்லை. சிமெண்ட் போனால் போகட்டும், எண்ணிக்கையில் எப்படியும் அது போய்விட்டது என்று நான் ஏதேதோ பேசினேன். அவர் எதைப் பற்றிப் பேசினார் என்பது எனக்கு அப்போதும் புரியவில்லை.

சோதனைக்கு அதே பெண்தான் வந்தாள். கையில் கைப்பிடி போட்ட சின்னக் காந்தம். மொத்தக் குடியிருப்பும் நடைகளில் நின்றது. கீழிருந்து ஆரம்பித்தாள். ஒரு குமிழில் வைத்தாள், ஒன்றும் இல்லை. அடுத்தது, ஒன்றும் இல்லை. அடுத்தது, டக். அந்தச் சத்தம் கூடத்து மேல்கல் வரை போய்த் திரும்பி வந்தது. டக் என்ற ஒவ்வொரு தடவையும் அண்ணன் தோள் ஒரு தடவை இறங்கியது.

மாடியிலிருந்து அக்கா கையைச் சுவரில் ஓடவிட்டபடி இறங்கி வந்தாள். "என்னடி சத்தம் அது?" என்று என்னைக் கேட்டாள். அந்தப் பெண்தான் சொன்னாள்.

"காந்தம்மா. உள்ள இரும்பு இருந்தா ஒட்டும். பழைய கல்லா இருந்தா ஒட்டாது. ஒட்டுறது எல்லாம் பின்னால செஞ்சு வச்சது."

"எத்தனை ஒட்டிச்சு?"

"இதுவரைக்கும் இருபத்தொண்ணு."

அக்கா இரண்டடி நகர்ந்து கையை வைத்தாள். "இந்த மீனு?"

டக்.

"நீ போம்மா உள்ள," என்றார் அண்ணன். "நான் அப்புறம் சொல்றேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பதினான்கு வருஷத்தில் அவள் யாரையாவது பிடித்து ஏறியதை நான் பார்த்ததில்லை. "இந்தத் தவளை?" டக். "நத்தை?" டக். "இவ கதவுல குருவி?" டக். அவள் கை நிற்கும் இடமெல்லாம் இரும்பு இருந்தது. அவளுக்குத் தேவைப்படாத மூலைகளில்தான் அசல் கல் மிச்சம் இருந்தது. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவளுக்குப் பார்வை போன அந்த ஒரு வருஷம் இந்த மனுஷன் சிமெண்ட் பிசைந்தது எதற்கு என்று. கடைசியாகத் தன் வீட்டுக் கதவருகில் சுருட்டிய இலையில் கையை வைத்தாள். அந்தப் பெண் காந்தத்தை வைக்கத் தயங்கினாள். "வைம்மா" என்றாள் அக்கா.

டக்.

"நீங்களா?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தே.

"ஒடைஞ்சிருந்துச்சு," என்றார் அண்ணன். "அதான்."

"பழசுன்னீங்களே."

"சொன்னா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டே."

"நான் நடக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றாள். "நீங்கதான் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க." அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். கோபமாக இருந்தாளா, அழுதாளா என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் குழாயடிக்கு அண்ணன் குடத்தோடு வந்தார்.

பட்டியலில் சேர்க்க முடியாது என்ற கடிதம் வந்தது. நாலு மாதத்தில் காலி செய்தோம். அண்ணன் அந்த நத்தையை மட்டும் பெயர்த்து எடுத்துப்போக முயன்றார். உளியை வைத்ததும் அது மூன்றாகப் பிளந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. இன்னும் சில வருஷத்தில் தானாகவே விழுந்திருக்கும் என்று அவரே சொன்னார். யாருக்குச் சமாதானமாகச் சொன்னார் என்று தெரியவில்லை, துண்டுகளைச் சுவரோரமாக வைத்துவிட்டு வந்தார்.

இப்போது அவர்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாவது மாடி. எனக்கு இரண்டு தெரு தள்ளி வேறு இடம். அவர்கள் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. மழமழவென்ற சுவர், ஒரே மாதிரிக் கதவுகள், எங்கும் ஒரு பிசிறு கிடையாது. சின்ன வீடுதான், பத்து நாளில் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன், என் தொழில் வாக்கியத்தை. அண்ணன் போன வாரமே கதவு நிலையில் ஒரு சின்ன இலை செய்து ஒட்டினாராம். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "எடுத்துடுங்க" என்றாளாம். எடுத்துவிட்டார். அவர் செய்யத் தெரிந்தவர், செய்யவும் தயார். அவள் வேண்டாம் என்கிறாள். நடுவில் நான் என்ன செய்ய?

நேற்று மாலை வேலை முடிந்து அவர்களைப் பார்க்கப் போனேன். மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"யாரு?" என்று அக்கா குரல்.

"நான்தான்க்கா."

"அவர் ரொட்டி வாங்கப் போயிருக்காரு."

"நீ திறயேன்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளங்கை சுவரில் தேய்க்கும் சத்தம். அது கதவை நோக்கி வரவில்லை, சமையலறைப் பக்கம் போனது. "இங்கக்கா, இங்க," என்று கதவைத் தட்டினேன். விடாமல் தட்டினேன். பக்கத்து வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அக்கா வந்தாள், எதிலோ இடித்துக்கொண்டாள், பாத்திரம் ஒன்று உருண்டது. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கை தூரம் இருந்திருக்கும்.

"அக்கா, கையை நீட்டு. தாழ்ப்பாள் உன் முன்னாலதான் இருக்கு."

அவள் நீட்டினாளா என்று தெரியவில்லை.

"வரமாட்டேங்குதுடி," என்றாள். "கையி சுவத்துல போவுது, காலு வரமாட்டேங்குது. நான் எங்க நடந்தேன், நீயே சொல்லு."

"நீதான்க்கா நடந்தே. குடத்தத் தூக்கிட்டுப் படியேறினது அவரா?"

நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"நீ உட்காரு அங்கேயே," என்றாள் அக்கா. "அவர் வரட்டும்."